பெருமாள் காலடியில் வைத்துப் பூட்டியவை

நேற்று மத்தியானம் அரைக்கீரை ஆய்ந்துகொண்டே டிவியைப் போட்டேன். நாம் சேர்ந்து பார்த்த அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பேர் எனக்கு மறந்துபோச்சு. தியேட்டருக்கு வந்த வேகத்தில் ஓடிப்போன படம்தானே. ஆனால் மணிச் சத்தம் கேட்டதும் தெரிந்துவிட்டது. கோயில் பிராகாரத்தில் ஒரு பெண்ணைக் கீழே அமுக்கிப் பிடித்து, அவள் காலில் பழுக்கக் காய்ச்சிய சூலத்தை வைக்கிறார்கள். அவள் கத்துவது உள்ளே கேட்கக் கூடாதென்று ஒருத்தன் பெரிய மணியை இழுத்து இழுத்து அடிக்கிறான். உள்ளே ஊர்த்தலைவர் கண்ணை மூடி, பாட்டுக் கேட்டு உருகி, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

கீரையைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்த சேதியை உன் மகள் போனில் சொல்லி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. பக்கத்தில் திரும்பி உன்னிடம் எதையாவது சொல்லலாம் என்று பார்த்தால் சுவர்தான் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று டிவியில் படம் ஆரம்பிக்கும் முன்னால் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, இதெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கொடுமை, அறியாமை நிறைந்த காலம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். எந்த ஊர்க்காரரோ. ஒரகடம் பக்கம் வந்திருக்க மாட்டார்.

நீ எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடி வந்தது ஒரகடத்தில் கம்பெனிகள் ஒன்றொன்றாக மதில் எழுப்பிக்கொண்டிருந்த சமயம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு டிராவல் பேக், ஒரு குடம், மகளுடைய போட்டோ ஒன்று. அவ்வளவுதான் சாமான். புருஷன் விட்டுவிட்டுப் போய் அஞ்சு வருஷம் என்று முதல் நாளே சொன்னாய், தண்ணி வரும் நேரத்தைக் கேட்கிற மாதிரி. என்னை மதினி என்று கூப்பிட்டாய். எங்கள் பக்கம் அண்ணி என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர், "இன்னா மதினி, காபி கீதா?" என்று என்னை உன் குரலில் கேலி செய்வார். எனக்கு அந்தக் கூப்பாடு பிடித்திருந்தது. உன்னைவிட ரெண்டே வயசு பெரியவள் நான். வேறு எதிலும் பெரியவள் இல்லை.

காருக்கு ஒயர் கோக்கிற கம்பெனியில் உனக்கு வேலை. கம்பெனி வேலை என்று பேர். ஆனால் கம்பெனிக்கும் உனக்கும் நடுவில் ஒரு காண்ட்ராக்டர். எங்கள் வீட்டுக்காரர் அந்தக் காண்ட்ராக்டரின் வேன்தான் ஓட்டினார். ஷிப்டுக்கு ஷிப்டு உங்களை ஏற்றிப் போய் இறக்குவார். அந்த ஆளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாமி. வேலைக்கு வந்தவர்களுக்கும் சாமி, வேலை கொடுத்த மேனேஜருக்கும் சாமி. நெற்றியில் பட்டையாக நாமம், கழுத்தில் துளசி மணி, வாயைத் திறந்தால் பெருமாள். ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலில் எந்த உற்சவம் என்றாலும் முன்வரிசையில் நிற்பார். மறைத்து வைக்கச் சொன்ன மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்ன மகான் பிறந்த மண். அந்த மண்ணில் நின்றுகொண்டு இந்த ஆள் செய்தது என்ன? நூற்றுக்கணக்கான பெண்களுடைய மார்க் ஷீட்டை மூடி வைத்தார்.

வேலையில் சேரும்போதே அசல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். பத்தாவது, பன்னிரண்டாவது, டிசி, சாதிச் சான்றிதழ். ரெண்டு வருஷம் கழித்துத்தான் கையில் வரும். அதற்குள் ஒருத்தி உடம்பு முடியாமல் ஊருக்குப் போகணும் என்றாலும் வெறுங்கையோடு போகணும். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. "நான் என்னம்மா வெச்சுக்கப் போறேன்? எல்லாம் பெருமாள் காலடியில கீது" என்பார். அது பொய்யில்லை. அவர் வீட்டுப் பூஜை ரூமில் ஆளுயரத்துக்குப் பெருமாள் படம். அதற்குக் கீழே தேக்கு மரத்தில் நீளமாக ஒரு இழுப்பறை. அதில்தான் கவர் கவராக நீங்கள் எல்லாரும்.

அந்த இழுப்பறைக்கு நோட்டு எழுதியவள் நான். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நீ சிரிப்பாய்.

அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள். பொட்டலக் காகிதம், பஞ்சாங்கம், ரேஷன் கார்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத்தான் எழுத்து கைக்கு வந்தது. வீட்டு வரவு செலவு, பஜனை மடத்து அரிசி பருப்பு, யார் வீட்டிலிருந்து எத்தனை படி, எதற்கு எவ்வளவு போச்சு, எல்லாம் தேதி போட்டு எழுதி வைப்பேன். அதைப் பார்த்துவிட்டு அந்த ஆள் ஒருநாள் சொன்னார்: "தங்கச்சி கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இந்தப் பொண்ணுங்க பேப்பருக்கு ஒரு நோட்டு போட்டுக் குடும்மா. பெருமாள் கைங்கரியமா நெனச்சுக்கோ."

நினைத்துக்கொண்டேன். தலைக்குக் குளித்து, நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே ஸ்ரீராமஜெயம் எழுதி, கீழே கோடு போட்டேன். வரிசை எண், பேர், ஊர், என்னென்ன பேப்பர், வந்த தேதி. கவர் மேலேயும் அதே எண். உன் எண் நூற்று முப்பத்து ரெண்டு. அந்த நோட்டுக்காக அவர் வீட்டம்மா எனக்கு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இப்போது நினைத்தாலும் உடம்பில் அந்த இடமெல்லாம் கூசுகிறது.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மற்றப் பெண்களைத் தங்கவைத்திருந்த அவருடைய ஹாஸ்டல் மாடி ஹாலில் எல்லாப் பெண்களும் சாயங்காலம் வரணும், பக்திப் படம் போடுகிறேன் என்று உத்தரவு. சிடி கடையில், "நல்ல கோயில் படமா ஒண்ணு குடுப்பா" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரன் அட்டையில் கோபுரமும் தீபாராதனையும் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டான். இவர் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி வந்துவிட்டார். செருப்பையெல்லாம் வெளியே விடச் சொன்னார். டிவி மேல் ஒரு முழம் பூ.

முதல் அரை மணி நேரம் அபிஷேகமும் பாட்டும்தான். அவருக்குக் கண் கலங்கி, துண்டால் துடைத்துக்கொண்டார். அப்புறம் படத்தில் பஞ்சம் வந்தது. ஊர்த்தலைவர் களஞ்சியத்தைத் திறந்து நெல் கொடுக்கிறார். வாங்குகிறவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஓலையில் கீறிக் கொடுக்கிறார்கள். மழை வந்த பிறகு ஓலையைப் படித்துக் காட்டினால், குடும்பம் குடும்பமாகத் தங்களையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தலைவர் அவர்களைக் கோயிலுக்குத் தானம் செய்கிறார். தானத்தின் புண்ணியம் அவருக்கு. தானம் போனவர்கள் உழுததும் அவர் நிலத்தைத்தான். கல்வெட்டில் இத்தனை ஆடு, இத்தனை விளக்கு, இத்தனை ஆள் என்று ஒரே வரியில் வெட்டுகிறார்கள். நீ என் காதில் சொன்னாய்: "ஏன் மதினி, ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரு வரி தள்ளிப் போட்டிருக்கலாம்லா?"

சூடு வைக்கிற காட்சி வந்தது. நம் ஆள் துடித்துப்போனார். ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, "த்சொ, த்சொ. மனுசனை மனுசன் இன்னா பாடு படுத்திகீறான் பாருங்கம்மா. பாவிங்க. அதுவும் சாமி பேரைச் சொல்லி. இந்தக் காலத்துல பொறந்ததுக்கு நீங்கள்லாம் புண்ணியம் பண்ணியிருக்கணும்" என்றார். நிஜமாகவே அழுதார். அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. நடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"மதினி," என்றாய் நீ, "அந்தத் தலைவருக்குப் பூஜை ரூம் டிராயர் ஒண்ணுதான் இல்ல."

பின்வரிசையில் ரெண்டு பேர் காதில் விழுந்து, சிரிப்பு ஓடியது.

"யாரு சிரிக்கிறது? அழுவுற சீன்ல இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சாமி," என்றாய் எழுந்து. "சுண்டல் எப்பன்னு பிள்ளைய எல்லாம் கேக்குதுவ."

முதல் சிடி முடிந்து சுண்டல் வந்தது. இலைத்துண்டில் கொஞ்சம் கொஞ்சம். அது போதாதென்று அவர் பேச ஆரம்பித்தார். "நீங்க தூரத்துல இருந்து வந்த பொண்ணுங்க. உங்களுக்கு அப்பா அம்மா பெருமாள்தான். உங்க பேப்பரெல்லாம் எங்க கீது? அவர் காலடியில. பேங்க் லாக்கருக்குக்கூட அந்தப் பாதுகாப்பு கெடையாது. நான் யாரு? வெறும் சாவி." ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால் டிவியில் ஊர்த்தலைவர் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார். ஹாலில் யாரும் மெல்லவில்லை. என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி காலைப் புடவைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். அந்த ஆளுக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. கடைசியில் ராஜா குதிரையில் வந்து எல்லாரையும் விடுதலை பண்ணினார். சினிமாக்காரனுக்கு ராஜா வந்தே ஆகணும். நம் ஆள் எழுந்து நின்று கை தட்டினார். கூடத் தட்டியது அவர் வீட்டம்மா ஒருத்திதான்.

திரும்பி நடந்து வரும்போது நீ கேட்டாய். "அந்த நோட்டு நீங்கதான எழுதினிய மதினி?"

"ஆமா."

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்குன்னு பிள்ளைய எல்லாம் சொல்லுச்சுவ."

அவ்வளவுதான். அதற்குப் பதில் நீ ஒரு அறை விட்டிருக்கலாம்.

புரட்டாசி பிறந்தபோது உனக்கு ஊரிலிருந்து அந்தத் தபால் வந்தது. உங்கள் ஒன்றியத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை, எம்ப்ளாய்மென்டில் பதிந்ததற்கு நேர்காணல். மூன்றாம் சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. அசல் சான்றிதழ்களோடு வரவும். அந்தக் கடைசி வரியை ரெண்டு தடவை படித்துக் காட்டினாய். உன் மகள் உன் அம்மாவிடம் வளர்ந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் எஸ்டிடி பூத்திலிருந்து நீ பேசினபோது, போனை எடுத்த பிள்ளை, "யாரு பேசுதிய?" என்று கேட்டிருந்தது. நீ அம்மா பேசுதேன் என்று சொன்ன பிறகும், "எந்த அம்மா?" என்றதாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

அந்த வேலை கிடைத்தால் பிள்ளையோடு இருக்கலாம். பேப்பர் கிடைத்தால்தான் வேலை. நீ போய்க் கேட்டாய். திங்கட்கிழமை போனபோது ராகு காலம் என்றார். செவ்வாய்க்கிழமை பூஜை ரூமிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. புதன்கிழமை அமாவாசை. வியாழக்கிழமை அவர் மௌன விரதம். கையை மேலே காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வெள்ளிக்கிழமை கொடுத்தால் மகாலட்சுமி போய்விடுவாள். சனிக்கிழமை பெருமாளுக்கே உரியது. ஞாயிறு ஆபீஸ் லீவு. ஒரு வாரத்தில் ஒரு நாளைக்கூட அந்த ஆள் விட்டுவைக்கவில்லை. என் நாற்பது வருஷப் பக்தியில் நாளையும் கிழமையையும் நான் இப்படிப் பயன்படுத்தலாம் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்.

அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மூன்றாம் சனிக்கிழமை. எங்கள் பக்கத்தில் புரட்டாசிச் சனிக்கிழமையில் சொம்புக்கு நாமம் போட்டு, துளசி கட்டி, வீடு வீடாகப் போய்க் கோவிந்தா சொல்லுவோம். பெரிய பணக்காரரும் அன்றைக்கு நாலு வாசலில் நின்று பிச்சை கேட்கணும். அந்த அரிசியில்தான் பெருமாளுக்குத் தளிகை. நீ குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சொம்பு எடுத்துட்டு வாரவங்கள வெறுங்கையா அனுப்ப மாட்டாகளோ?"

"அனுப்பக் கூடாது. அவங்களுக்குப் போடாம அந்த வூட்டுல யாரும் இலையில உட்காரக் கூடாது."

"நாளைக்கு அந்தச் சொம்ப எனக்குத் தாரியளா?"

எனக்குப் புரிந்துவிட்டது. "இது விளையாட்டு இல்லடி. பெருமாளுக்குக் கேக்கறது."

"நானும் பெருமாள்கிட்ட இருக்கறதத்தான கேக்கப் போறேன்?"

நான் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தேன். காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றாய். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாய். சொம்புக்கு நாமம் போட்டு உன் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, உனக்கு முன்னால் அந்த ஆள் வீட்டுக்கு நான் போய்விட்டேன். அங்கே அன்றைக்குத் தளிகை, ஊருக்கே சாப்பாடு. பூஜை ரூம் துடைத்துக் கோலம் போட்டு, அனுமாருக்கு வடை மாலை கோக்கிறது வருஷா வருஷம் என் வேலை. நீ வந்து நிற்கும்போது எதுவும் தெரியாதவள் மாதிரி வடை கோத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் எண்ணம். என் வீட்டுக்காரர் பிழைப்பு அந்த ஆள் கையில் இருந்தது. இதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. நீ தெரிந்துதான் வைத்திருந்தாய்.

கூடத்தில் இலை போட்டாயிற்று. கம்பெனி மேனேஜர், ஊரில் நாலு பெரிய மனுஷர்கள், வாசல் பந்தலில் ஐம்பது அறுபது பேர். அப்போது உன் குரல் கேட்டது. "கோவிந்தா, கோவிந்தா." எங்கள் ராகமே இல்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி இருந்தது.

அவரே முறத்தில் அரிசி எடுத்துக்கொண்டு போனார். "வாம்மா, வா. சொம்பைக் காட்டு."

நீ சொம்பு வாயைக் கையால் மூடிக்கொண்டாய். "அரிசி வேண்டாம் சாமி. பெருமாள் காலடியில என் பேப்பர் இருக்குன்னு சொன்னிய. அதப் போடுங்க."

அவர் சிரித்தார். பந்தலுக்கும் சேர்த்துச் சிரித்தார். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வா தாயி."

"திங்கக்கிழமை நான் ஊருல இருக்கணும். செவ்வாக்கிழமை இண்டர்வியூ."

"சரி சரி, அரிசியை வாங்கிக்கினு நகரு. இலை போட்டாச்சு. எல்லாரும் பசியோட குந்தினுகீறாங்க."

"நானும் பசியோடதான் நிக்கேன் சாமி."

யாரும் இலையில் கை வைக்கவில்லை. வைக்கவும் முடியாது. பந்தலில் இருந்த ஒரு பெரியவர் பொறுமை இழந்து, "சொம்புக்காரியை நிக்க வெச்சுட்டு இன்னாப்பா தளிகை? கேக்கறதைக் குடுத்து அனுப்பு, சாம்பார் ஆறுது" என்றார். மேனேஜர், என்ன பேப்பர் என்று கேட்டார். அப்போதுதான் அந்த ஆள் அதைச் சொன்னார்.

"இந்தப் பொண்ணு நம்மகிட்ட எதையுமே குடுக்கலை சார். வாங்கியிருந்தாதானே திருப்பித் தர? ரெஜிஸ்டர்லயே கெடையாது. கோவிந்தன் சத்தியமா."

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. நாமம் போட்ட சொம்புக்கு முன்னால். வடை என் கையிலிருந்து கீழே விழுந்ததா, நான் வைத்தேனா என்று நினைவில்லை. பூஜை ரூமுக்குள் போனேன். சாவி எந்த மாடத்தில் இருக்கும் என்று தெரியும். இழுப்பறையைத் திறந்தேன். விளக்கேற்றி, பூப் போட்டு, சாம்பிராணி காட்டின படத்துக்குக் கீழே உங்கள் எல்லாருடைய கவரும் நான் அடுக்கின வரிசையிலேயே இருந்தன. உன்னுடையதை எடுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி, இலைகளுக்கு நடுவால் நடந்து வாசலுக்கு வந்தேன்.

"நூத்தி முப்பத்தி ரெண்டு," என்றேன். "ரெஜிஸ்டர் எழுதினவ நான்தான். பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட்டு, டிசி, ஜாதி சர்டிபிகேட். நாலும் இருக்குதான்னு பாத்துக்கோ."

நீ முந்தானையை விரித்துப் பிடித்தாய். அதில் வைத்தேன்.

அந்த ஆளுக்கு முகம் கறுத்துவிட்டது. "பெருமாள் ரூம்ல கை வெச்சுட்டியேம்மா," என்றார். அத்தனை பேர் நடுவில் அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

"அந்த ரூமைத் துடைக்கிறதே இந்தக் கைதான் சாமி," என்றேன்.

அப்போது நீ செய்தது எனக்குச் சாகிறவரைக்கும் மறக்காது. பிச்சை வாங்கினால் என்ன சொல்லணும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன் அல்லவா? கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நல்ல சத்தமாக, "வெங்கட்ரமணா" என்றாய். அதைக் கேட்டால் எங்கள் ஜனங்களுக்கு வாய் சும்மா இருக்காது. பந்தல் முழுக்க, கூடம் முழுக்க, "கோவிந்தா" என்றது. அவர் வீட்டம்மாவும் சொன்னாள். மேனேஜரும் சொன்னார். அந்த ஆளின் உதடும் அசைந்தது. அசையாமல் இருக்குமா? அத்தனை வருஷப் பழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இன்னாடி பண்ணிக்கினு வந்துகீற? வடை மாலை கோக்கப் போனவ என் பொழப்பைக் கோத்துட்டு வந்துட்டியே." திங்கட்கிழமை வேன் சாவியை வாங்க ஆள் வந்தது. அப்புறம் அவர் ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். நாங்கள் ஒன்றும் செத்துப்போகவில்லை.

சொம்பு எடுத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பெருங்களத்தூரில் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாய்: "சினிமால ராஜா குதிரைல வந்தாரு. எனக்கு வடை கோத்துட்டு இருந்த ஆளு வந்துச்சு." வேலை கிடைத்தது. உன் கையால் சோறு வாங்கித் தின்ற பிள்ளைகள் இப்போது உன் ஊரில் மீசை வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று உன் மகள் சொன்னாள். அவள் அம்மா என்று சொன்னபோது, எந்த அம்மா என்று யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

அந்த ஆள் என்ன ஆனார் என்று நீ ஒவ்வொரு தடவை போனிலும் கேட்பாய். நான் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது சொல்கிறேன். பெண்பிள்ளை கை பட்டுத் தீட்டாகிவிட்டது என்று அய்யரை வைத்துப் பூஜை ரூமைச் சுத்தி பண்ணினார். இழுப்பறையிலிருந்த கவர்களை ஆபீஸில் ஒரு இரும்பு பீரோவுக்கு மாற்றினார். பெருமாள் காலடியைவிட அது பத்திரம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது போல. இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார். போன வருஷம் மண்டபத் திறப்பு விழாவில் மைக் பிடித்துச் சொன்னார்: "ஒரு புரட்டாசி சனிக்கிழமை ஒரு ஏழைப் பொண்ணு நம்ம வாசல்ல வந்து சொம்போட நின்னுச்சு. கேட்ட பேப்பரைக் கேட்ட நிமிஷத்துல எடுத்துக் குடுத்தேன். இன்னிக்கு அது கவர்மென்ட் வேலையில கீது. எல்லாம் பெருமாள்." ஜனங்கள் கை தட்டினார்கள். நான் மண்டபத்துத் தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ஆள் அதை நம்பியே சொன்னார். காறித் துப்பலாம் என்றால் கோயில் மண்டபம்.

ஆனால் போனில் நான் பேச்சை மாற்றினது அவருக்காக இல்லை.

நீ ஊருக்குப் போன மறுவாரம், உன்னோடு அதே லைனில் ஒயர் கோத்தாளே பேச்சியம்மா, அவள் என் வீட்டுக்கு வந்தாள். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம். ஊரோடு போயாகணும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "என்னோடதும் எடுத்துத் தாரியளாக்கா?" என்று கேட்டாள். அந்த வீட்டுப் படியையே இனி மிதிக்க முடியாது என்று விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு உள்ள போனியள்ல? அப்ப என் கவரு கண்ணுல படலையாக்கா?"

பட்டது. கண்ணில் மட்டும் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நூற்று முப்பத்து ரெண்டையும் நூற்று முப்பத்து மூன்றையும் ஒரே நூலில் கட்டி வைத்தவள் நான். அன்றைக்கு அந்த முடிச்சை அவிழ்த்து, உன்னுடையதை எடுத்துவிட்டு, அவளுடையதை மறுபடி நூல் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஓரம் மற்ற கவர்களோடு ஒன்றாக நிற்கும்படி தட்டி, இழுப்பறையை மூடிவிட்டு வந்தேன். வெளியே அத்தனை பேர் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். எனக்கு அதற்கு நேரம் இருந்தது. இழுப்பறை முழுக்க முன்னால் திறந்து கிடந்தது, ரெண்டு கை இருந்தது, முந்தானை இருந்தது. நான் உள்ளே போனது உனக்காகவா, இல்லை என் நோட்டைப் பொய் என்று சொன்னதற்காகவா என்று அதற்கப்புறம் எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பேச்சியம்மாவிடம், "பட்டுது" என்று மட்டும் சொன்னேன். "சரிக்கா" என்று போய்விட்டாள். பேப்பர் இல்லாமல்தான் ஊருக்குப் போனாள்.

காலையில் குளித்துவிட்டுப் பன்னிரண்டு நாமம் சொல்லாமல் நான் தண்ணீர் குடிப்பதில்லை, உனக்குத் தெரியும். கேசவா, நாராயணா, மாதவா என்று போகும். கோவிந்தா வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் வருவது வேறு பேர்கள். நூற்று முப்பத்து மூன்று, பேச்சியம்மா. நூற்று முப்பத்து நாலு, செல்வராணி. நூற்று முப்பத்து அஞ்சு, ஜோதிமணி. முதலில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இப்போது தள்ளுவதில்லை. ஊரும் தேதியும் சேர்த்து, கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.